ஈறு கசிந்தால் எந்தச் சத்து குறைவு? ஒரு டயாலிசிஸ் வீட்டின் ஐந்தொகை

எங்கள் அப்பச்சி (நகரத்தார் வீடுகளில் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம், தாத்தாவை இல்லை) காரைக்குடியில் டயாலிசிஸ் முடிந்து வந்ததும் முகப்பில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். துப்பிய தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கும். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஈறு வீங்கி, கீழ்வரிசையில் ரெண்டு பல் ஆட ஆரம்பித்ததும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். வைட்டமின் சி குறைவு, நெல்லிக்காய்ச் சாறு கொடுங்கள் என்றார் ஒருவர். கால்சியம் இல்லை, பால் கூட்டுங்கள் என்றார் இன்னொருவர். சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணிய தங்கை ஜிங்க் மாத்திரை அனுப்பட்டுமா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் "அப்பச்சி ஒழுங்கா பல் விளக்குறாகளா?" என்று கேட்டார். அவரை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

மற்ற எல்லோர் மனதிலும் ஒரே கணக்குத்தான். ஈறு கெட்டால் ஏதோ சத்து குறைவு, அதைக் கொடுத்தால் சரியாகிவிடும். கிட்னி நோயாளி விஷயத்தில் இந்தக் கணக்கு பாதிதான் உண்மை. சத்து குறைந்து ஈறு கெடுவதும் உண்டு, ஈறு கெட்டதால் ரிப்போர்ட்டில் சத்து குறைந்து தெரிவதும் உண்டு, ரெண்டையும் விட்டுவிட்டு தினமும் போடுகிற ஒரு மாத்திரையால் ஈறு வீங்குவதும் உண்டு. நான் டாக்டர் இல்லை. மூன்று வருடமாக ரிப்போர்ட் கவரைத் தூக்கிக்கொண்டு அலைந்ததிலும், கேட்டதிலும், உட்கார்ந்து படித்ததிலும் புரிந்ததை எழுதுகிறேன்.

வைட்டமின் சி-யிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஈறு என்பது பெரும்பாலும் கொலாஜன் என்கிற நார்ப்புரதத்தால் ஆனது. அந்த நாரை முறுக்கிக் கெட்டியாக்க வைட்டமின் சி வேண்டும். அது அடியோடு இல்லாமல் போனால் ஈறு பஞ்சு மாதிரி உப்பி, தொட்டாலே ரத்தம் வரும். கப்பல்காரர்களை வாட்டிய ஸ்கர்வி நோய் இதுதான், 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றியதும் இதைத்தான். ஸ்கர்வி நம் காலத்து நோய் இல்லை என்று நினைப்போம். ஆனால் டயாலிசிஸ் நோயாளியின் தட்டைப் பாருங்கள். பொட்டாசியம் ஏறக்கூடாது என்று கொய்யா, ஆரஞ்சு, தக்காளி, இளநீர் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. மிச்சமிருக்கிற காயையும் நறுக்கி, நிறைய தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் ஆத்தா (எங்கள் அம்மா) சமைப்பார். பொட்டாசியம் போகிறது, சரி. அதே தண்ணீரில் வைட்டமின் சி-யும் போலிக் ஆசிடும் சேர்ந்து போகின்றன. போதாததற்கு ஒரு டயாலிசிஸ் முடிவதற்குள் ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி-யில் பாதியோ அதற்கு மேலோ மெஷினோடு போய்விடும். சாப்பிடுவதும் குறைவு, சமைப்பதில் நஷ்டம், மெஷினில் நஷ்டம். குறையாமல் என்ன செய்யும்?

அப்படியானால் நெல்லிக்காய்ச் சாறு குடிக்கலாமே? இங்கேதான் சிக்கல். கிட்னி நன்றாக இருப்பவர் வைட்டமின் சி-யை அதிகமாகச் சாப்பிட்டால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். கிட்னி போனவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மிச்சம் ஆக்சலேட் என்கிற கழிவாக மாறி உடம்புக்குள்ளேயே படியும். அதனால்தான் அமெரிக்க கிட்னி அமைப்பின் 2020 உணவு வழிகாட்டி ஆணுக்கு 90 மில்லிகிராம், பெண்ணுக்கு 75 மில்லிகிராம் என்ற சாதாரண அளவையே சொல்கிறது. கடையில் விற்கும் 500 மில்லிகிராம் சப்பு மாத்திரை தினமும் ஒன்று என்றால் அது இவர்களுக்கு மருந்து இல்லை, பாரம். ஒரு பெரிய நெல்லிக்காயே அந்த அளவை எட்டிவிடும், அப்படியிருக்க ஒரு டம்ளர் சாறு எதற்கு? டயாலிசிஸ் நோயாளிக்கென்று பி காம்ப்ளக்ஸும் போலிக் ஆசிடும் கொஞ்சம் சி-யும் சேர்த்து, வைட்டமின் ஏ இல்லாமல் வரும் மாத்திரைகள் இருக்கின்றன. ஏ ஏன் இல்லை என்றால், கிட்னி வேலை செய்யாதவர் உடம்பில் அது வெளியேறாமல் தேங்கும். ஆகவே "பொதுவான மல்டிவைட்டமின்தானே, போட்டால் என்ன" என்று மீன் எண்ணெய் மாத்திரையோடு சேர்த்து வாங்கிக் கொடுக்கிறவர்கள் ஒரு தடவை டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சாறு பேச்சு வந்ததால் ஒன்று: நட்சத்திரப் பழம் என்று ஐந்து மூலையோடு இருக்குமே, அது கிட்னி நோயாளிக்கு விஷம். வலிப்பு வரும், உயிரே போகும். தோட்டத்தில் காய்த்தாலும் அவர்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வைட்டமின் டி கதை வேறு மாதிரி. செட்டிநாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? வீட்டு நடுவிலேயே வளவு வைத்து வெயிலை உள்ளே விட்டுக் கட்டின ஊர். இருந்தும் அப்பச்சி ரிப்போர்ட்டில் டி 14 என்று வந்தது. 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். இதை அப்பச்சிக்குப் புரிய வைக்க எனக்கு உண்டியல்தான் (கோயில் உண்டியல் இல்லை, பணம் மாற்றும் சீட்டு) கை கொடுத்தது. ரங்கூன் கடையில் பணம் கட்டினால் ஊரில் உண்டியலைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள் இல்லையா, அது மாதிரி தோல் வெயிலில் ஒரு சரக்கைத் தயாரிக்கிறது, ஈரல் அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது, அந்தச் சீட்டைக் காசாக மாற்றிக் கொடுக்கும் கடை கிட்னி. கடை மூடிவிட்டால் கையில் உண்டியல் இருந்தும் செலவுக்குப் பணம் இல்லை. நாம் ரத்தத்தில் பார்க்கிற 25 ஹைட்ராக்சி டெஸ்ட் அந்தச் சீட்டைத்தான் எண்ணுகிறது, காசை இல்லை. அதனால்தான் சில பேருக்கு மாற்றிய காசாகவே, அதாவது கால்சிட்ரியால் மாத்திரையாகவே, டாக்டர் எழுதுகிறார். வெயிலில் நின்றால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பாதி தெரியாது.

இதில் ஈறுக்கு என்ன வேலை? ஈறில் இருக்கும் செல்களும் அங்கே காவலுக்கு வரும் வெள்ளை அணுக்களும் இந்தச் சீட்டைத் தாங்களே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், மூலைக்கு ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மாற்றிய காசில் கிருமியைக் கொல்லும் புரதத்தைச் செய்யும். சீட்டே குறைவாக இருந்தால் அந்தச் சின்னக் கடையும் படுத்துவிடும். ஆக கால்சிட்ரியால் போட்டாலும் சீட்டின் அளவையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பல் ஆடுவதற்கு இன்னொரு காரணம் எலும்பிலேயே இருக்கலாம். கிட்னி கெட்டால் பாஸ்பரஸ் ஏறும், காசான டி குறைவதால் கால்சியம் இறங்கும், அதைச் சரிக்கட்ட கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி ஓவர்டைம் பார்க்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தைச் சுரண்டி எடுக்கும், தாடை எலும்பு உட்பட. எக்ஸ்ரேயில் பல் வேரைச் சுற்றித் தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு மங்கியிருந்தால் பல் டாக்டருக்கே சந்தேகம் வரும். இந்த நிலையில் பால் கூட்டுவது பாஸ்பரஸைத்தான் கூட்டும்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இது. எங்கள் ஐயா காலத்துக் கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகையில் ஒரு வரியை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். ரத்த ரிப்போர்ட்டும் அப்படித்தான் படிக்க வேண்டியது, நாம்தான் சிவப்பு மையில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அப்பச்சிக்கு அல்புமின் 3.1. உடனே "புரதம் பத்தவில்லை, புரோட்டீன் பவுடர் வாங்கு" என்றார்கள். அல்புமின் புரதம்தான், ஆனால் அது சாப்பாட்டை மட்டும் காட்டும் அளவுகோல் இல்லை. உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஈரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துவிட்டு சி.ஆர்.பி. (அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) மாதிரி வேறு சரக்கைத் தயாரிக்கப் போய்விடும். நீங்கள் தினமும் ரெண்டு முட்டை கொடுத்தாலும் அழற்சி இருக்கிறவரை அந்த எண் சண்டித்தனம் செய்யும். ஜிங்க்கும் அதே கதை: அழற்சியின்போது அது ரத்தத்திலிருந்து ஈரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அதோடு ரத்தத்தில் அதைச் சுமப்பதே பெரும்பாலும் அல்புமின்தான், சுமக்கிறவன் குறைந்தால் சுமையும் குறைந்து தெரியும். இரும்பில் இன்னும் வேடிக்கை. அழற்சியில் பெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) எண் ஏறும், பார்த்தால் இரும்பு நிறைய இருப்பது போலத் தோன்றும், ஆனால் உடம்பு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கும். ரத்த அணு செய்ய எடுத்துக் கொடுக்காது. ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோய்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று அலுத்துக்கொள்கிற பல வீடுகளில் எங்கேயோ ஒரு அழற்சி ஒளிந்திருக்கும்.

அந்த இடம் வாயாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? பல்லைச் சுற்றி ஈறு விலகி ஏற்படும் பைகளை விரித்துப் போட்டால், புண்ணான பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் ஊரே கூடி மருந்து சொல்லும். வாயில் என்றால் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவோம்.

வாயும் சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் யூரியா ஏறினால் எச்சிலிலும் ஏறும், அது அம்மோனியாவாக மாறும், அந்த வாடைதான் கிட்னி நோயாளி வாயில் வரும் வாடை. எச்சிலின் அமிலம் குறைவதால் பல் சொத்தை சிலருக்குக் குறைவாகக்கூட இருக்கும், ஆனால் பல்லில் காரை, அதாவது கெட்டிப்பட்ட அழுக்கு, வேகமாகப் படியும். (செட்டிநாட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின காரை நூறு வருஷம் நின்றால் பெருமை, பல்லில் நின்றால் அதற்கு அடியில் கிருமி குடித்தனம் பண்ணும்.) தண்ணீர் அளவாகக் குடிக்க வேண்டியிருப்பதால் வாய் காய்ந்தே கிடக்கும், எச்சில் செய்ய வேண்டிய கழுவும் வேலையும் நடக்காது. ரத்தசோகையால் ஈறு வெளுத்திருப்பதால் வழக்கமான சிவப்பு தெரியாமல் அழற்சி மறைந்தும் போகும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், கிட்னி கெடுவதற்கு நம் ஊரில் முதல் காரணமே அதுதானே.

ஒரு இடைச்செருகல். ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா என்கிற கழிவுகள் ஏறுவதை எங்கள் பக்கம் "உப்பு ஏறிடுச்சு" என்பார்கள். அதைக் கேட்டு சமையல் உப்பை நிறுத்திவிட்டு, பதிலுக்கு சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பைக் குறைப்பது நல்லதுதான், காரணம்தான் வேறு. ஆனால் அந்த மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். கொய்யாவுக்குப் பயந்தவர் உப்பில் மாட்டிக்கொள்வார்.

வெற்றிலைப் பெட்டியையும் சொல்லியாக வேண்டும். சபையில் தாம்பூலம் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது, ஒரு நாள் விசேஷத்தைப் பற்றி நான் பேசவில்லை. சாப்பாட்டுக்குச் சாப்பாடு பாக்கும் புகையிலையும் அடக்குகிறவர்களுக்கு ஈறு விலகுவது வேகமாக நடக்கும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. சுண்ணாம்பு என்பது கால்சியம், கிட்னி நோயாளிக்கு அதுவும் கணக்கில் வரவேண்டியது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொன்னவர்கள் பாக்கைச் சேர்க்கவில்லை, கவனியுங்கள்.

சரி, அப்பச்சிக்கு என்ன ஆயிற்று? பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் பல் டாக்டரிடம் போனோம். கிட்னி பார்க்கிற இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னதில்லை, முதலில் போன பல் கிளினிக்கில் டயாலிசிஸ் என்று கேட்டதும் தொடவே பயந்து அனுப்பிவிட்டார்கள். ரெண்டாவது இடத்தில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாக மாத்திரைச் சீட்டு முழுக்கப் படித்துவிட்டு, அம்லோடிபின் எத்தனை வருஷமாகப் போடுகிறார் என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்குப் போடும் அந்த வகை மாத்திரைகள், குறிப்பாக நிபெடிபின், சில பேருக்கு அம்லோடிபினும், ஈறைப் பல்லின் மேல் ஏறி வளரச் செய்யும். காரை நிறைய இருந்தால் வளர்ச்சியும் அதிகம். கிட்னி மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரினும் இப்படிச் செய்யும். நாங்கள் வைட்டமின் குறைவு என்று நினைத்த வீக்கத்தில் பாதி எங்கள் மாத்திரை டப்பாவிலிருந்து வந்தது. நாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் அவரே சொல்லி, கிட்னி டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கிட்னி டாக்டர் அந்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார்.

சுத்தம் செய்யும் நாளைக் குறிப்பதிலும் விஷயம் இருக்கிறது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் கொடுப்பார்கள், அன்று பல்லில் கை வைத்தால் ரத்தம் நிற்காது; மறுநாள் என்றால் ஹெபரினும் இறங்கியிருக்கும், உடம்பில் கழிவும் குறைவாக இருக்கும். அப்பச்சி டயாலிசிஸ் முடிந்த கையோடு கொப்பளித்ததில் சிவப்பு தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்தான். பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் பி.பி. பார்க்கக்கூடாது என்று பல் கிளினிக்கிலும் நினைவுபடுத்த வேண்டும். பல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் என்று எடுத்து நீட்டுவார்கள். கிட்னியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிறவருக்கு அதுதான் பெரிய ஆபத்து, பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு டாக்டரைக் கேட்பது நல்லது. ஆன்டிபயாடிக்கும் கிட்னிக்குத் தகுந்த அளவில்தான். "க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது ஆத்தாவின் பயம். ஏற்கெனவே ஆடும் பல்லை காரை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது, எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். கிட்னி மாற்றுக்குப் பெயர் கொடுத்திருந்தால் எப்படியும் பல் டாக்டரிடம் சர்டிபிகேட் கேட்பார்கள், அதற்கு முந்தியே போய்விடலாம்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பலன் உண்டா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்வதானால் ரெண்டு பக்கமும் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைத் தரவை வைத்து 2016-ல் வந்த ஒரு ஆய்வில், கிட்னி நோயோடு ஈறு நோயும் சேர்ந்தவர்கள் 10 வருடத்தில் இறக்கும் வாய்ப்பு 32 சதவீதத்திலிருந்து 41 ஆக உயர்ந்திருந்தது. ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில் ஈறு நோய்க்கும் சாவுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை. ஈறைச் சரிசெய்தால் சி.ஆர்.பி. இறங்குவதைச் சின்னச் சின்ன ஆய்வுகள் காட்டுகின்றன. கெட்ட கிட்னி அதனால் திரும்பி வரும் என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் பலன் சாப்பாட்டில் தெரியும். டயாலிசிஸில் இருப்பவருக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 8 கிராம் அமினோ அமிலம் வேறு வெளியே போகிறது. (டயாலிசிஸுக்கு முந்தின கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், அதையே நினைவில் வைத்து இப்போதும் குறைக்கிற வீடுகள் ஏராளம்.) பல் ஆடுகிறவர் எதைச் சாப்பிடுவார்? அப்பச்சி உப்புக்கறியை விட்டு, கோழியை விட்டு, கடைசியில் ரசம் சாதத்துக்கும் இட்லிக்கும் வந்திருந்தார். புரதம் குறைந்தது, ஈறு ஆறவில்லை, ஆறாததால் மெல்ல முடியவில்லை. இந்தச் சுழலில் எது முதல் என்று தேடிக்கொண்டிருந்தால் இன்னும் தேடிக்கொண்டே இருப்போம்.

ரெண்டு தடவையாகக் காரையை எடுத்தார்கள், ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மென்மையான பிரஷ் ஒன்று வாங்கி ராத்திரியும் விளக்க வைத்தோம், அதற்குத்தான் ரொம்பச் சண்டை. ஜிங்க் மாத்திரை வாங்கவேயில்லை. நாலு மாதம் கழித்து அல்புமின் 3.6. கறி சாப்பிட ஆரம்பித்ததால் ஏறியதா, வீக்கம் வடிந்ததால் ஏறியதா என்று கிட்னி டாக்டரைக் கேட்டேன், ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டின் அடுத்த வரியில் பேனாவால் வட்டம் போட்டார். பாஸ்பரஸ் 6.2. அது முழுக்க முழுக்கக் கறியின் வேலை.